இ6 ஏன் பி53-ஐப் பிடிக்க மறுக்கிறது?

கேள்வி: கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி-16 வைரஸின் இ6 புரதத்தோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். சுத்திகரித்தால் குழாயின் அடியில் திரிந்த பால்போல வெண்மையாகத் திரண்டுவிடுகிறது. கரைந்து நின்ற சொற்பமும், செல்லைப் புற்றிலிருந்து காக்கும் பி53 புரதத்தைச் சீண்டுவதில்லை. புரதம் மடிந்த விதமே கோளாறா?

பதில்: மடிப்பின்மேல் பழி போடாதீர்கள். இ6 முதலில் செல்லின் இ6ஏபி நொதியைப் பிடிக்க வேண்டும். அந்நொதியிலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்த சிறு சுருள், இ6இன் துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் இரண்டு பகுதிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் போய் அமரும். அதன் பிறகுதான் பி53 உட்கார இடம் அமைகிறது. 2016இல் வெளியான இ6, இ6ஏபி சுருள், பி53 மூன்றும் சேர்ந்த படிக அமைப்பைத் திரையில் சுழற்றிப் பாருங்கள். பத்துப் பக்க விளக்கத்தைவிட அது மேல். முழு நொதி தேவையில்லை, சுருள் துண்டு போதும்.

பதில்: திரள்வது வேறு கதை. இ6இன் 47ஆம் இடத்து அமினோ அமிலமான ஃபீனைல்அலனினை ஆர்ஜினினாக மாற்றுங்கள், இ6 தன்னோடு தானே ஒட்டுவது குறையும். வெளியே தெரியும் சிஸ்டீன்களைச் செரீனாக்கலாம். துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் எட்டு சிஸ்டீன்களில் மட்டும் கைவைக்காதீர்கள். இடையகக் கரைசலில் (பஃபர்) உலோக அயனிகளைக் கவ்வி இழுக்கும் ஈடிடிஏ இருக்கிறதா?

கேட்டவர்: இருக்கிறது. பழக்கதோஷத்தில் ஊற்றிவிட்டேன். துத்தநாகத்தை நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன்!