உண்ணி கடித்த பிறகு குழந்தைக்கு விடாத காய்ச்சல்: மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது. ஒரு வாரத்தைத் தாண்டியும் அவளுக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு டைஃபாய்டுக்காகச் செய்யும் வைடால் என்ற இரத்தப் பரிசோதனை லேசாகக் காட்டுகிறது என்பதால் டைஃபாய்டு என்று சொல்லி, ஒரு தனியார் மருத்துவமனையில் செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டு வருகிறார்கள். டெங்கு இல்லை என்று வந்துவிட்டது, ஆனால் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியிருக்கின்றன. ஊசி தொடங்கிய பிறகும் சாயங்காலமானால் உடம்பு கொதிக்கிறது. தலைவலி தாங்காமல் அழுகிறாள், கண்கள் சிவந்து முகம் லேசாக வீங்கியிருக்கிறது.

நேற்று வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டபோது இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றி, உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் பரவியிருக்கின்றன. காய்ச்சல் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, அவள் காதுக்குப் பின்னால் முடியோரத்தில், ஆமணக்கு விதை போல உப்பிய ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்ததை என் மாமியார் மண்ணெண்ணெய் தொட்டு எடுத்துப் போட்டார். அந்த இடம் இப்போதும் சற்றுத் தடித்திருக்கிறது.

எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது, கொட்டகையில் இரண்டு மாடுகள் இருக்கின்றன. சம்பா அறுப்பு முடிந்து, உளுந்து தெளிக்காத பங்கில் இராமநாதபுரத்துப் பக்கத்துக் கீதாரிகள் (ஆட்டு மந்தை மேய்ப்பவர்கள்) ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். குட்டிகளைப் பார்க்க இவள் தினமும் அங்கே ஓடிக்கொண்டிருந்தாள். இணையத்தில் தேடினால் லைம் நோய், குரங்குக் காய்ச்சல் என்று ஏதேதோ வந்து பயமுறுத்துகிறது. உண்ணி கடித்ததற்கும் இந்தக் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்குமா? இருந்தால் மருத்துவரிடம் எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்? மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறான், அவனுக்கும் தொற்றிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.

மறுமொழி: குழந்தை நல மருத்துவர், கும்பகோணம்

அம்மா, குழந்தையை நேரில் பார்க்காமல் நான் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் இன்றே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உண்ணி கடித்த விவரத்தையும் உள்ளங்கைப் புள்ளிகளையும் மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். “ரிக்கெட்சியா காய்ச்சலாக இருக்குமா?” என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். காய்ச்சல் என்றால் டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல் என்று வரிசையாக நினைவுக்கு வரும் நம் ஊரில், இந்தப் பெயர் பல நேரம் கடைசியில்தான் வருகிறது.

ரிக்கெட்சியா என்பது நம் இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியா. அந்தச் சுவர் பழுதாகி நீர் கசிவதால்தான் முகமும் கைகால்களும் வீங்குகின்றன, தோலில் புள்ளிகள் தோன்றுகின்றன, தட்டணுக்களும் குறைகின்றன. டெங்குவிலும் ஏறக்குறைய இதே படம் தெரிவதால் இரண்டும் குழம்பிப்போகின்றன. நம் பகுதியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நாய் உண்ணி வழியாகப் பரவும் இந்திய உண்ணிக் காய்ச்சல். மற்றொன்று, புதர்களிலும் வரப்போரப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ். அதை உண்டாக்கும் கிருமி ரிக்கெட்சியாவுக்கு நெருங்கிய உறவுடையது. ஸ்க்ரப் டைஃபஸில் கடிபட்ட இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு பலருக்கு உண்டாகும், உள்ளங்கையில் புள்ளி வருவது அரிது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளிகள் இருப்பதால் உங்கள் மகளுக்கு முதல் வகையாக இருக்கக்கூடும் என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஆனாலும் காதுமடலின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, தலைமுடிக்குள் என்று ஓர் இடம் விடாமல் நல்ல வெளிச்சத்தில் தேடிப் பாருங்கள்.

லைம் நோய் வேறு வகை உண்ணிகள் வாழும் அமெரிக்க, ஐரோப்பியக் காடுகளில்தான் மிகுதி. அதில் கடித்த இடத்தைச் சுற்றி வளையமாகச் சிவப்பு விரியும். குரங்குக் காய்ச்சல் 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் கண்டறியப்பட்ட வைரஸ் நோய், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை ஒட்டியது. குழந்தை அந்தப் பக்கம் போய் வரவில்லை என்றால் அந்த இரண்டையும் இப்போதைக்கு மனத்திலிருந்து இறக்கி வையுங்கள்.

பரிசோதனை பற்றி ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். வீல்-ஃபீலிக்ஸ் என்ற பழைய பரிசோதனை பல ஊர்களில் கிடைக்கிறது, ஐஜிஎம் எலைசா மருத்துவக் கல்லூரிகளில் செய்யப்படுகிறது. இரண்டும் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கின்றன. அது இரத்தத்தில் தென்பட ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே முதல் வாரத்து அறிக்கையில் “இல்லை” என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளாகாது. அதே போல ஒரே ஒரு வைடால் முடிவை வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. டைஃபாய்டுக்கு இரத்தத்தை வளர்ச்சி ஊடகத்தில் வைத்துப் பார்க்கும் பரிசோதனைதான் நம்பகமானது.

இந்தக் காரணத்தால்தான், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சந்தேகம் வலுவாக இருந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. மருந்து டாக்ஸிசைக்ளின். விலை மிகக் குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கக்கூடியது. செஃப்ட்ரியாக்சோன், அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் போன்றவை செல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. சல்ஃபா கலந்த மருந்துகள் நோயை மோசமாக்கவும் கூடும். சரியான மருந்து உள்ளே போனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். அப்படி இறங்குவதே நோயைக் காட்டும் ஒரு தடயம்.

எட்டு வயதுக்குள் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல்லில் கறை விழும் என்று யாராவது தடுக்கலாம். பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளில் கண்ட விளைவை இந்த மருந்துக்கும் சேர்த்துச் சொன்னதால் வந்த அச்சம் அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, 21 நாட்கள் வரையிலான சிகிச்சைக்கு எந்த வயதிலும் இதைப் பயன்படுத்தலாம் என்று தெரிவித்தது. அளவு எடையைப் பொறுத்தது, அதை மருத்துவர் கணக்கிட வேண்டும். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நிறையத் தண்ணீருடன் விழுங்க வைத்து, உடனே படுக்கவிடாமல் சற்று நேரம் உட்கார்த்தி வையுங்கள். பாலும் இரும்புச்சத்து மருந்தும் இதன் வேலையைக் குறைக்கும் என்பதால் அவற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

மூச்சு வாங்குதல், கூப்பிட்டால் சரியாகத் திரும்பாத அரைமயக்கம், வலிப்பு, சிறுநீர் குறைதல், விடாத வாந்தி, கைகால் சில்லிடுதல், புள்ளிகள் கருநீலமாக மாறுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

மறுமொழி: ஒரு தந்தை, பாபநாசம்

சகோதரி, என் மகனுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் வந்து குணமாகியிருக்கிறது. மேலே மருத்துவர் ஐயா “ஓர் இடம் விடாமல் தேடுங்கள்” என்று எழுதியிருப்பதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் பையனுக்கும் காரணம் தெரியாத காய்ச்சலாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பணியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர் அவன் அரைஞாண் கயிற்றைத் தள்ளிப் பார்த்தபோது, கயிறு அழுந்தியிருந்த இடத்தில், மிளகளவு கறுத்த பொருக்கும் அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வரம்பும் இருந்தன. வலியோ அரிப்போ இல்லாததால் அவன் எங்களிடம் சொல்லவே இல்லை. தினமும் குளிப்பாட்டும் பாட்டியின் கண்ணிலும் அது படவில்லை.

இந்தச் சிற்றுண்ணி உடை இறுக்கிப் பிடிக்கும் இடங்களைத் தேடிப் போய்க் கடிக்குமாம். அரைஞாண், பாவாடை நாடா, உள்ளாடையின் எலாஸ்டிக் ஆகியவற்றின் அடியில் கட்டாயம் பாருங்கள். மருந்து தொடங்கிய மறுநாளே அவன் இட்லி கேட்டான் என்பதை உங்களுக்குத் தைரியம் சொல்வதற்காகக் குறிப்பிடுகிறேன்.

மறுமொழி: கால்நடை மருத்துவர், ஒரத்தநாடு

ஆட்டுக்கிடையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வயலுக்கு எருவாகும் என்று நாமே கூப்பிட்டுப் போடச் சொல்லும் கிடை அது. கீதாரிகள் மேல் பழி விழுந்துவிடக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆடுகளிலும் மாடுகளிலும் உண்ணி உண்டு, அவை மனிதரையும் கடிக்கலாம். ஆனால் இந்திய உண்ணிக் காய்ச்சலைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு நாயைத்தான். பழுப்பு நிற நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை இரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு முறையும் நாயை விட்டு இறங்கித் திண்ணை வெடிப்பிலும், சுவர் இடுக்கிலும், நாய் படுக்கும் சாக்கின் மடிப்பிலும் போய்ப் பதுங்குகிறது. ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் கிருமி போய்ச் சேரும் என்பதால் நாயின் உடம்பை மட்டும் சுத்தம் செய்வது போதாது.

நாயை மருத்துவமனைக்குக் கொண்டு வந்தால் அதன் எடைக்கு ஏற்ப, கழுத்துப் பட்டையோ முதுகில் விடும் சொட்டு மருந்தோ ஊசியோ முடிவு செய்வார்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து நாய்க்கும் மாட்டுக்கும் தேய்ப்பதை இந்தப் பகுதியில் அடிக்கடி பார்க்கிறேன். பிராணி நடுங்கி விழுந்து சாவதுண்டு, அதைத் தொட்டு விளையாடும் குழந்தைக்கும் அது விஷம். தயவுசெய்து செய்யாதீர்கள். சாக்கை எரித்துவிட்டு, வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். கொட்டகையை ஒட்டிக் கிடக்கும் வைக்கோல் கூளத்தையும் புல்லையும் அகற்றுங்கள்.

உடம்பில் உண்ணியைக் கண்டால் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். சீண்டப்பட்ட உண்ணி தன் உமிழ்நீரைக் கூடுதலாக உள்ளே கக்கக்கூடும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். விரல் நகத்தால் நசுக்காதீர்கள், அதன் உடல் நீர் கீறல் வழியாகவும் நோயைத் தரும். பிறகு அந்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்ணி பல மணி நேரம் ஒட்டியிருந்தால்தான் கிருமி இறங்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே குழந்தைகள் வெளியே விளையாடிவிட்டு வந்ததும் காது மடிப்பையும் பிடரியையும் தடவிப் பார்ப்பது நல்ல பலன் தரும்.

மறுமொழி: கேள்வி கேட்ட தாய்

உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. மருத்துவர் ஐயா சொன்னபடியே தஞ்சாவூருக்கு அழைத்து வந்துவிட்டோம். உண்ணி விவரத்தை முதலிலேயே சொன்னேன். பணியில் இருந்தவர்கள் உள்ளங்கையைப் பார்த்ததும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, பெரிய மருத்துவரை வரவழைத்துக் காட்டினார்கள். இரத்தம் எடுத்த கையோடு டாக்ஸிசைக்ளினும் தொடங்கிவிட்டார்கள். இன்று காலை உடம்பு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது, கஞ்சி குடித்தாள். ஆனால் வீல்-ஃபீலிக்ஸ் அறிக்கை தெளிவாக ஒன்றும் காட்டவில்லை என்கிறார்கள். இப்படி இருக்க மருந்தைத் தொடரலாமா? சின்னவனுக்கு முன்கூட்டியே ஏதேனும் மருந்து கொடுக்க வேண்டுமா?

மறுமொழி: குழந்தை நல மருத்துவர், கும்பகோணம்

மனம் நிறைந்த செய்தி, அம்மா. காய்ச்சல் இறங்கியிருப்பதால் மருந்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காய்ச்சல் முழுவதும் விட்ட பிறகும் குறைந்தது மூன்று நாட்களாவது கொடுக்க வேண்டும், மொத்தம் ஐந்து முதல் ஏழு நாட்கள் என்பது வழக்கம். சரியான கணக்கை உங்கள் மருத்துவர் சொல்வார். அறிக்கை தெளிவில்லாமல் வந்ததில் வியப்பில்லை, காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன். இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை இரத்தம் எடுத்து முதல் மாதிரியுடன் ஒப்பிட்டால், எதிர்ப்புப் பொருள் நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று தெரியும். குழந்தை தேறிவிட்டாளே என்று பலரும் அந்த இரண்டாவது மாதிரியைக் கொடுக்க வருவதில்லை. நீங்கள் போய்க் கொடுங்கள். உங்கள் ஊரில் இந்த நோய் இருக்கிறது என்பது உறுதியானால், வட்டாரச் சுகாதார அலுவலர்கள் மற்ற வீடுகளையும் பார்ப்பார்கள், உள்ளூர் மருத்துவர்களும் அடுத்த குழந்தைக்கு முன்கூட்டியே சந்தேகப்படுவார்கள்.

இந்தக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாகப் பரவாது. அக்காளும் தம்பியும் ஒன்றாகப் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். சின்னவனுக்கு முன்கூட்டி மருந்து தேவையில்லை. ஆனால் அவனும் அதே திண்ணையில் அதே நாயோடுதான் விளையாடுகிறான் என்பதால் இரண்டு வாரம் அவனைக் கவனித்து வாருங்கள். காய்ச்சல் கண்டால் அன்றே அழைத்துப் போய், அக்காளுக்கு என்ன வந்தது என்பதைச் சொல்லுங்கள். அவளுடைய வெளியேற்றச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.