குயின் மேரி 2 கப்பலில் இரவு உணவுக்கு வேட்டி அணியலாமா?

கேள்வி: சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பெற்றோருடன் கப்பலில் செல்லவிருக்கிறேன். முறையான விருந்துடை அணிய வேண்டிய காலா (gala) இரவுகளில் கோட்டு சூட்டு அணிய அப்பாவுக்கு விருப்பமில்லை. அவர் பட்டு வேட்டியில் உணவுக்கூடத்துக்கு வரலாமா?

பதில் 1: தாராளமாக வரலாம். டக்ஸீடோ எனும் கறுப்பு விருந்துக் கோட்டு, அடர்நிற சூட்டு ஆகியவற்றோடு முறையான தேசிய உடையையும் கப்பலை நடத்தும் குனார்ட் நிறுவனம் அந்த இரவுகளுக்கு ஏற்பதால், அகலச் சரிகைக்கரை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அங்கவஸ்திரமும் மிகப் பொருத்தமாக இருக்கும். அம்மாவுக்குக் காஞ்சிப் பட்டைவிடச் சிறந்த உடை வேறில்லை.

பதில் 2: அட்லாண்டிக்கில் கப்பல் ஆடும்போது படிக்கட்டில் வேட்டி நழுவாமலிருக்க, ஒட்டிக்கோ வேட்டியை எடுத்துச் சென்று, அதன்மேல் பெல்ட்டும் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மேல்தளத்தில் குளிர்காற்று வீசும் என்பதால் இருவருக்கும் கம்பளிச் சால்வை அவசியம்.

பதில் 3: உடை மாற்ற மனமில்லாத இரவில் கப்பலிலுள்ள கிங்ஸ் கோர்ட் பஃபேயில் எளிய உடையிலேயே சாப்பிடலாம்.