மேலிடம் அனுப்பின கவர்னரே மாநில அந்தஸ்து கேட்டுப் போராட முடியுமா? அலாஸ்கா கிரீனிங் பத்தி ஒரு சந்தேகம்

வேலந்தாவளம்_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ், பாலக்காடு ஜில்லா சித்தூர் பக்கம். கூட்டாட்சி பேப்பர்ல செமினார் எடுக்கணும். எனக்கு விழுந்த தலைப்பு எர்னஸ்ட் கிரீனிங். 1939 கடைசியிலிருந்து 1953 வரைக்கும் அலாஸ்கா கவர்னர். மாநில அந்தஸ்துக்காகப் போராடினவர்னு தேடின இடத்துல எல்லாம் இருக்கு.

எனக்கு இடிக்கறது இதுதான். அவரை நியமிச்சது அமெரிக்க ஜனாதிபதி. நாம பாக்கற கவர்னர்னா சட்டசபை அனுப்பின மசோதாவைக் கையெழுத்துப் போடாம மேசையில வெச்சிருக்கறவர். மேலிடம் அனுப்பின ஆள் மேலிடத்தோட எப்படி மோதுவார்? அதுவும் அவர் பதவியில இருந்த பதிமூணு வருஷத்துல வராத அந்தஸ்து, அவர் போன பிறகு 1959-லதான் வந்திருக்கு. அப்போ அவரோட பங்குதான் என்ன? யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வியாழக்கிழமை செமினார்.

ரிட்டயர்டு_வாத்தியார்_கொழிஞ்சாம்பாறை

அம்மிணி, நான் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துல சமூக அறிவியல் எடுத்தவன். கவர்னர் பாடம் வந்தாலே பசங்க குழம்பற இடம் இது.

அமெரிக்காவுல மாநில கவர்னர்னா ஜனங்க ஓட்டுப் போட்டு உக்கார வெச்ச ஆள். நம்ம முதலமைச்சர் இடத்துல வெச்சுப் பாரு. ஆனா அந்தக் காலத்துல, மாநிலம் ஆகாத அலாஸ்கா மாதிரிப் பிரதேசத்துக்கு வாஷிங்டன் அனுப்பின கவர்னர் நியமனம், நம்ம ஊர் கவர்னர் மாதிரி. ஜனாதிபதி மாறினா ஆளையும் மாத்தலாம். அலாஸ்காக்காரங்க மாநில அந்தஸ்து கேட்டாங்கன்னா, அதுல பாதி இந்த நியமன கவர்னர் வேண்டாம்ங்கறதுதான். கிரீனிங் கேட்டதும் அதைத்தான், தான் உக்காந்திருந்த நாற்காலியை எடுத்துடச் சொல்லி.

நம்ம அரசியல் சட்டத்தோட வரைவுல கூட கவர்னரைத் தேர்தல்ல தேர்ந்தெடுக்கற யோசனை இருந்துது. 1949-ல அரசியல் நிர்ணய சபை அதைக் கைவிட்டு நியமனம்னு முடிவு பண்ணுச்சு. பத்து வருஷம் தள்ளிப் பாரு. 1959 ஜனவரி 3-ல அலாஸ்கா மாநிலமாச்சு, ஜனங்க தேர்ந்தெடுத்த வில்லியம் ஈகன் கவர்னரா உக்காந்தார். அதே வருஷம் ஜூலை 31-ல நம்ம கேரளத்துல, நியமன கவர்னர் ராமகிருஷ்ண ராவ் அனுப்பின அறிக்கையை வெச்சு இ.எம்.எஸ். மந்திரிசபையைக் கலைச்சாங்க. செமினார்ல இந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் போடு, கிளாஸ் முழிச்சுக்கும்.

இனி ஆளைப் பத்தி. ஹார்வர்டுல டாக்டருக்குப் படிச்சு 1912-ல பட்டம் வாங்கிட்டு, வைத்தியம் பாக்காம பத்திரிகைக்குப் போனவர். 'தி நேஷன்' பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தார். 1934-ல ரூஸ்வெல்ட் ஆட்சியில பிரதேசங்களையும் தீவுகளையும் கவனிக்கற பிரிவுக்குத் தலைவரானார். போர்ட்டோ ரிக்கோ சீரமைப்பு வேலையும் அவர் தலையில வந்துது. இலாகா மந்திரி ஹரால்டு இக்கிஸுக்கும் இவருக்கும் ஒத்துப்போகல. 1939-ல தூக்கி அலாஸ்காவுல போட்டாங்க, பெருசா விருப்பமில்லாமத்தான் போனார். நம்ம ஊர்ல ஆகாத ஆபீசரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தற கதைதான், அங்க பனிக்காடு.

போய்ப் பாத்தா நிலைமை இதுதான். ரஷ்யாகிட்ட 1867-ல 72 லட்சம் டாலருக்கு வாங்கின நிலம். 1940 கணக்கெடுப்புல மொத்த ஜனமே 72 ஆயிரம் சொச்சம். ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டு இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு ஒரே ஒரு பிரதிநிதி, அவரும் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. பெரிய தொழில் சால்மன் மீன். டப்பாவுல அடைச்சு விக்கற கம்பெனிகளோட முதலாளிங்க சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இருந்தாங்க. ஆத்து வாயில பெரிய பொறி கட்டி மீனை அள்ளிட்டுப் போவாங்க. உள்ளூர்ல படகு வெச்சிருக்கற செம்படவன் கரையில நின்னு பாக்கணும். மீன்வளச் சட்டம் போடற அதிகாரமும் வாஷிங்டன் கையில.

இந்த இடத்துலதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கறாங்கன்னு நான் நினைக்கறேன். கிரீனிங்கோட முதல் சண்டை வாஷிங்டனோட இல்ல, அலாஸ்கா சட்டசபையோட. மீன் கம்பெனி, சுரங்கக் கம்பெனி ஆளுங்களோட செல்வாக்கு அங்க கொடிகட்டிப் பறந்துது. ஒழுங்கான வரி முறை வேணும்னு 1941-ல ஒரு திட்டம் கொண்டு போனார், தூக்கி எறிஞ்சாங்க. மறுபடி மறுபடி கொண்டு போனார். 1949-லதான் வருமான வரி சேர்த்த ஒரு வரி முறை நிறைவேறுச்சு. அதுக்குள்ள கஜானா காலியாகிக் கடன் சொல்ற நிலைமை.

வரிக்கும் மாநில அந்தஸ்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பே. "இவங்களுக்கு மாநிலம் குடுத்தா சம்பளம் குடுக்கவே காசிருக்காது"ங்கறதுதான் எதிர்த்தவங்களோட பெரிய ஆயுதம். அந்த வாதத்தை முறிக்காம வாஷிங்டன் போய்ப் பேசிப் பிரயோஜனமில்லை. 1946-ல ஜனங்ககிட்டயே கேட்டாங்க: வேணும்னு 9,630 ஓட்டு, வேண்டாம்னு 6,822. எதிர்த்துப் போட்டவங்க பலருக்கு பயமே வரி ஏறும்னுதான். வரியைப் போட்டுட்டு மாநிலம் கேட்ட கவர்னர்னு இவரைச் சொல்லணும். ஓட்டு கேக்கற அரசியல்வாதியா இருந்திருந்தா செஞ்சிருக்க மாட்டார். நியமனமா வந்ததுல இருந்த ஒரே வசதி அது!

உன் ரெண்டாவது கேள்விக்கு ராத்திரி எழுதறேன், பேரன் போனைக் கேக்கறான்.

நகரி_தறிக்காரன்

வாத்தியாரே நல்லா சொன்னீங்க. நான் ஆந்திரா பக்கம். எங்களுக்கும் திருத்தணிக்கும் நடுவுல ஒரு செக்போஸ்ட்தான். 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி மெட்ராஸ் மாநிலத்துக்குப் போச்சு, நாங்க இந்தப் பக்கம் நின்னுட்டோம். ம.பொ.சி. போராடினாரு, படாஸ்கர் கணக்குப் போட்டுக் குடுத்தாரு, ரெண்டு சர்க்காரும் ஒத்துக்கினாங்க. படாஸ்கரும் மத்தியப் பிரதேசத்துல கவர்னரா இருந்தவருதான், ஆனா இங்க வந்தது மத்தியஸ்தராத்தான்.

நான் சொல்ல வர்றது, தலைவர் ஒருத்தர் தொண்டை கிழியக் கத்தினதால மட்டும் கோடு மாறாது. மேல கட்சிக் கணக்கு ஒத்து வரணும். அலாஸ்கா விஷயத்துலயும் ஹவாயைக் கூடவே கட்டிவெச்சு இழுத்தடிச்சாங்களே. அலாஸ்கா வந்தா டெமாக்ரடிக் கட்சிக்கு ரெண்டு செனட்டர், ஹவாய் வந்தா ரிபப்ளிகனுக்கு ரெண்டுன்னு கணக்கு. தெற்கு மாநில செனட்டர்களுக்கு, புதுசா வர்றவங்க கறுப்பர் உரிமைச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டுடுவாங்கன்னு வேற பயம். கிரீனிங் இல்லன்னாலும் ஒருநாள் வந்திருக்கும்.

மூணாறு_லயம்

ஒரு சின்ன எதிர்ப்பேச்சு. 1956-ல தேவிகுளம், பீர்மேடு எந்தப் பக்கம்னு அவ்வளவு சண்டை. லயத்துல இருந்த எங்க தாத்தா பாட்டிக்கு எந்தப் பக்கம் போயிருந்தாலும் ஒரு சென்ட் நிலம் சொந்தமில்ல. அதனால மாநிலம் வந்துச்சுன்னு சொன்னா நான் உடனே கேக்கறது, நிலம் யாருக்குப் போச்சு?

அலாஸ்கா மாநிலமானப்ப 10 கோடி ஏக்கருக்கு மேல பொறுக்கி எடுத்துக்கற உரிமை மாநில அரசுக்குக் கிடைச்சுது. அங்க காலங்காலமா மீன் பிடிச்சு, மான் வேட்டையாடி இருந்த பூர்வகுடிகளோட உரிமைய யாரும் தீர்த்து வைக்கல. வரப்போற மாநிலத்துக்கு அரசியல் சட்டம் எழுத உக்காந்த 55 பேர்ல பூர்வகுடி ஒரே ஒருத்தர். போராட்ட வீரர்னு செமினார்ல எழுதறதுக்கு முன்னாடி இதையும் பாருங்க தங்கச்சி.

ரிட்டயர்டு_வாத்தியார்_கொழிஞ்சாம்பாறை

மூணாறு தம்பி கேட்டது சரியான கேள்வி. பூர்வகுடி நில உரிமை 1971 வரைக்கும் தொங்கிட்டுத்தான் இருந்துது. அந்த வருஷச் சட்டத்துலதான் 4 கோடியே 40 லட்சம் ஏக்கரும் 96 கோடி டாலருக்கு மேல பணமும்னு ஒரு தீர்வு வந்துச்சு. கிரீனிங் செனட்டரான பிறகு யூகான் நதியில ராம்பார்ட்னு ஒரு பிரம்மாண்ட அணைக்கு ஒத்தைக் கால்ல நின்னார். கட்டியிருந்தா ஈரி ஏரியை விடப் பெரிய நீர்த்தேக்கம், பூர்வகுடி கிராமங்கள் பல முழுகியிருக்கும். நல்லவேளை, அது நடக்கல.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு தம்பி. கிரீனிங் கவர்னரா வந்தப்ப அலாஸ்கா ஓட்டல் வாசல்ல பூர்வகுடிகளுக்கு அனுமதி இல்லன்னு பலகை தொங்குச்சு. அதைத் தடுக்கற மசோதா 1943-ல தோத்துது. கிரீனிங் பூர்வகுடிகளைத் தேர்தல்ல நிக்கச் சொன்னார், ரெண்டு பேர் ஜெயிச்சு வந்தாங்க. 1945-ல மறுபடி மசோதா வந்தப்ப எலிசபெத் பெராட்ரோவிச்ங்கற டிலிங்கிட் இனப் பெண் சபையில எழுந்து பேசினார். நிறைவேறுச்சு. பிப்ரவரி 16-ல கிரீனிங் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவோட மத்த இடங்கள்ல இந்த மாதிரி தேசியச் சட்டம் 1964-லதான். கையெழுத்துப் போடாம வெச்சிருக்கறவர்னு அம்மிணி எழுதியிருந்தாளே, இதையும் அதுக்குப் பக்கத்துல வெச்சுக்கோ.

நகரித் தம்பி சொன்ன கட்சிக் கணக்கு முழுக்க உண்மை. ஆனா "ஒருநாள் வந்திருக்கும்"ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். 1950-ல பிரதிநிதிகள் சபையில 186-க்கு 146-னு ஜெயிச்சும் செனட்ல செத்துப்போச்சு. 1953-ல புது ஜனாதிபதியா ஐசனோவர் வந்தார், ஏப்ரல்ல கிரீனிங்கை எடுத்துட்டு ஹைன்ட்ஸல்மன்னு ஒருத்தரை அனுப்பினார். அந்தப் புதுக் கவர்னர் அலாஸ்காவைப் பிரிச்சு ஒரு பகுதிக்கு மட்டும் மாநில அந்தஸ்து குடுக்கலாம்னு கிளம்பினார்! ஓட்டுப் போடாத ஜனங்களுக்கு யாரோ ஒருத்தர் ஆளை மாத்தி அனுப்பறார், அந்த ஆள் நிலத்தையே பங்கு போடப் பாக்கறார். கிரீனிங் பத்து வருஷம் பேசினதை இந்த ஒரு நியமனம் நிரூபிச்சுக் காட்டிடுச்சு.

பதவி போனதும் அவர் 1954-ல அலாஸ்கா வரலாற்றை ஒரு புத்தகமா எழுதினார். 1955 நவம்பர்ல அரசியல் சட்ட மாநாடு கூடுச்சு. அதுல அவர் உறுப்பினர் இல்ல, ஆனா பேசக் கூப்பிட்டாங்க. "அமெரிக்கக் காலனியாதிக்கத்துக்கு முடிவு கட்டுவோம்"ங்கறது தலைப்பு. சுதந்திரம் கேட்டப்ப இங்கிலாந்து ஜார்ஜ் மன்னருக்கு எதிரா அமெரிக்கா அடுக்கின அதே புகார்களை வாஷிங்டன் மேலேயே அடுக்கினார். கவர்னர் உத்தியோகத்துல இருந்துட்டு அந்தத் தொனியில பேச முடியுமா சொல்லு.

அப்புறம் டென்னஸி திட்டம். மாநிலம் வர்றதுக்கு முன்னாடியே, 1956-ல, ரெண்டு செனட்டரையும் ஒரு பிரதிநிதியையும் ஜனங்களே தேர்ந்தெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினாங்க. கிரீனிங், ஈகன், ரால்ஃப் ரிவர்ஸ். சபையில இடம் குடுக்கல. பார்வையாளர் வரிசையில உக்காந்து, அறை அறையா ஏறி இறங்கி உறுப்பினர்களைப் பிடிச்சாங்க. உள்ளே ஓட்டில்லாத பிரதிநிதியா பாப் பார்ட்லெட் வேலை பாத்தார். பல பேர் கணக்குல கிரீனிங்கை விட அவர் பங்குதான் பெருசு, எனக்கும் அப்படித்தான் படுது. 1958-ல பிரதிநிதிகள் சபை 210-க்கு 166, செனட் 64-க்கு 20. ஜூலை 7-ல ஐசனோவர் கையெழுத்து. பார்ட்லெட்டும் கிரீனிங்கும் முதல் செனட்டர்கள். மாநில அரசியல் சட்டத்தோடயே மீன் பொறித் தடையையும் ஜனங்க ஓட்டுப் போட்டு வாங்கியிருந்தாங்க.

வேலந்தாவளம்_மாணவி

ரொம்ப நன்றி சார், அண்ணாங்களுக்கும் நன்றி. எனக்கு மொத்தம் பதினைஞ்சு நிமிஷம்தான். எதை விடறது? வியட்நாம் போருக்கு அனுமதி குடுத்த தீர்மானத்தை எதிர்த்த ரெண்டு செனட்டர்ல இவர் ஒருத்தர்னு வேற இருக்கு, அதைச் சேக்கணுமா?

ரிட்டயர்டு_வாத்தியார்_கொழிஞ்சாம்பாறை

போர்ட்டோ ரிக்கோவையும் பத்திரிகைக் காலத்தையும் ஒரு வரியில முடி. 1949 வரிக்கு அஞ்சு நிமிஷம் குடு, அதை யாரும் எடுக்க மாட்டாங்க. மூணாறு தம்பி கேட்ட நிலக் கேள்விக்கு மூணு நிமிஷம். நீ கேட்ட வியட்நாம் தீர்மானம், டோன்கின் தீர்மானம்பாங்க, 1964 ஆகஸ்ட், கூட நின்னவர் வெய்ன் மோர்ஸ். அது தலைப்புக்கு வெளியே, பேச்சுல வேண்டாம். ஆனா 1968-ல சொந்தக் கட்சி வேட்பாளர் தேர்தல்லயே மைக் கிராவல்கிட்ட தோத்ததைப் பத்தி யாராவது கேப்பாங்க, அப்போ எடுத்து விடு. படம் போடறதா இருந்தா அலாஸ்கா வரைபடத்தை அமெரிக்க வரைபடத்து மேல வெச்சுக் காட்டு, அளவு தெரியாம இந்தக் கதை யாருக்கும் ஏறாது.