சண்டை முடிந்தும் மனதை விடாத காட்சி: சமீபத்தில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ரெண்டாம் ஆட்டம்

நானே ஆரம்பிக்கிறேன். 'கில்' என்ற இந்திப் படம் 2024-இல் தியேட்டருக்கு வந்தபோது பார்க்கவில்லை, போன மாதம்தான் பார்த்தேன். கதை தெரிந்ததுதான்: ராஞ்சியிலிருந்து டெல்லி போகும் ராஜதானி, கத்தியோடு ஏறும் கொள்ளைக் கும்பல், அதே ரயிலில் ஒரு கமாண்டோ. பாதிப் படம் ஓடிய பிறகுதான் படத்தின் பெயரே திரையில் வரும். அதுவரை அடித்துப் போட்டுக்கொண்டிருந்தவன் அதற்கப்புறம் கொல்லத் தொடங்குகிறான்.

அந்தக் கும்பல் முழுக்கச் சொந்தக்காரர்கள். அப்பா, மகன், சித்தப்பா, மச்சான். ஒருவன் செத்தால் இன்னொருவன் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். சினிமாவில் அடியாள் செத்தால் அவனுக்காக யாராவது அழுது நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் ஹீரோ அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் கைதட்டும் எண்ணம் போய்விட்டது. படம் அதை வேண்டுமென்றே செய்ததா, தெரியாமல் வந்து விழுந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அடுத்த வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனேன். செங்கல்பட்டு தாண்டி விளக்கை அணைத்த பிறகு, பெட்டிக்குள் ஒற்றை ஆள் போகும் இடைவெளியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். விழுப்புரம் வரை தூக்கம் இல்லை.

உங்களுக்கு அப்படி எது?

தையல் மெஷின்

எனக்கு 'ட்வைலைட் ஆஃப் தி வாரியர்ஸ்: வால்ட் இன்'. ஹாங்காங் படம், சோய் சியாங் இயக்கியது, இதுவும் 2024. கவுலூன் மதில் நகரம்தான் களம். நிஜத்தில் ஆறரை ஏக்கர்தான் இருக்கும் அந்த இடம், 1987-இல் எண்ணியபோது 33,000 பேர் அதற்குள் இருந்திருக்கிறார்கள். 1993-94-இல் இடித்துப் பூங்கா ஆக்கிவிட்டார்கள்.

நான் வளர்ந்தது வடசென்னையில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில். படத்தில் அந்தச் சந்துகளில் தலைக்கு மேல் தொங்கும் ஒயரும், சுவரில் கசியும் தண்ணீரும், ஒரு வீட்டுச் சமையல் வாசனை நாலு வீட்டுக்குப் போகும் நெருக்கமும் வந்ததும் சண்டையையே மறந்துவிட்டேன். அங்கே முடிவெட்டும் கடை வைத்திருப்பவராக லூயி கூ. ஊருக்கே பெரியவர். நுரையீரல் நோயோடு இருக்கும் அந்த மனுஷன் பிள்ளைகளை வெளியே தப்பிக்க விட்டுவிட்டு, தான் பின்னால் நின்றுவிடுகிற இடம் ஒன்று வரும். அங்கே எங்கள் பிளாக்கில் தண்ணீர் லாரிச் சண்டைகளை நடுவில் நின்று விலக்கிவிடும் ஒரு தாத்தா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். அவர் செத்து எட்டு வருஷம் ஆகிறது. இவ்வளவு நாள் நான் அவரை நினைத்ததே இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

ஒரே ஷாட்

தையல் மெஷின் அக்கா, உங்கள் தாத்தாவைப் பற்றி எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் அந்தப் படத்தைச் சண்டைப் படமாக என்னால் ஏற்க முடியவில்லை. கடைசியில் வில்லன் உடம்பில் கத்தியே இறங்காது. மூச்சை அடக்கிக் கல்லாக நிற்பான். கத்தி இறங்காத உடம்போடு மோதினால் பார்க்கிறவனுக்குப் பதற்றம் எங்கிருந்து வரும்?

நான் போன வாரம் மறுபடி பார்த்தது 'ஓல்ட்பாய்'. 2003, பார்க் சான்-வூக் இயக்கிய கொரியப் படம். ஹீரோ சுத்தியலோடு ஒரு கும்பலையே எதிர்க்கும் காட்சி. அதை மூன்று நாளில் 17 முறை எடுத்திருக்கிறார்கள். கேமரா பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கிறது, வெட்டே இல்லை. பலரும் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. நடுவில் எல்லாருமே களைத்துப் போகிறார்கள். அடிக்க வந்தவர்கள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறார்கள், ஹீரோ சோய் மின்-சிக் முதுகில் கத்தியோடு தள்ளாடுகிறார். யாருக்கும் மேலே போக மனசில்லை, ஆனாலும் மறுபடி எழுகிறார்கள். உண்மையான தெருச்சண்டை அப்படித்தான் இருக்கும். கல்லூரியில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அரை நிமிஷத்துக்கு மேல் யாராலும் கை தூக்க முடியவில்லை.

இன்னொன்று, 'டாம் யம் கூங்', தாய்லாந்துப் படம், 2005. டோனி ஜா யானையைத் தேடிச் சிட்னி போகிற படம். உணவகத்தின் மாடிப்படியில் அடித்துக்கொண்டே மேலே ஏறுவார், கிட்டத்தட்ட நாலு நிமிஷம், ஒரே ஷாட். மேலே போகப் போக அவர் உதை தாழ்ந்துகொண்டே வரும். அது நடிப்பு இல்லை, நிஜக் களைப்பு. நம் ஊர்ச் சண்டைக் காட்சிகளில் ஒரு குத்துக்கு நாலு கட் வைக்கிறார்கள். யார் யாரை அடித்தார்கள் என்றே தெரிவதில்லை. கேமராவைப் பின்னால் வை, வெட்டாதே, அடிபட்டவன் முகத்தைக் காட்டு. இது மூன்றும் இருந்தால் போதும். கயிறு கட்டிப் பறப்பதற்கெல்லாம் காசைக் கொட்ட வேண்டியதே இல்லை.

தையல் மெஷின்

தம்பி, அந்த வில்லன் உடம்பில் எதுவுமே இறங்காது என்பதால்தான் எனக்குப் பதற்றமே வந்தது. இடிக்கப்போகிற இடத்துக்காக அந்த நாலு பையன்களும் சாகத் துணிகிறார்கள். எவ்வளவு அடித்தாலும் விழாத ஒன்றுக்கு எதிராக நிற்பது என்னவென்று, காலி செய் என்று நோட்டீஸ் வாங்கிய குடும்பங்களுக்குத் தெரியும்.

ரெண்டாம் ஆட்டம்

'டாம் யம் கூங்' என்றதும் ஞாபகம் வந்தது. 'ஏழாம் அறிவு' படத்தில் டோங் லீயாக வந்த ஜானி ட்ரை நுயென் அதிலும் டோனி ஜாவோடு மோதுவார். வியட்நாம்காரர். 'ஸ்பைடர்மேன்' முதல் படத்தில் கிரீன் காப்ளினுக்கு ஸ்டண்ட் செய்தவரும் அவரே. 2011-இல் தியேட்டரில் நாம் எல்லாரும் அவர் பார்வைக்குப் பயந்தோமே, அந்தக் கால்களின் வேகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் தாய்லாந்துப் படத்தைப் பாருங்கள்.

ஈப்போ வாசி

வணக்கம். மலேசியாவில் ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். கயிறு கட்டிப் பறப்பதை 'ஒரே ஷாட்' தம்பி ஒரே வரியில் ஒதுக்கிவிட்டதால் எழுத வேண்டியதாயிற்று.

நடிகை மிஷெல் யோ எங்கள் ஊர்ப் பெண். 2023-இல் ஆஸ்கார் வாங்கியபோது எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தெருவுக்கே ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். அவர் வீட்டில் உட்கார்ந்து இந்தச் சீனப் புத்தாண்டுக்கு 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' மறுபடி பார்த்தோம். 2000-இல் வந்தது, ஆங் லீ. மூங்கில் காட்டில் பறப்பதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அந்தக் கூடத்துச் சண்டை. இளையவளிடம் எதையும் வெட்டிவிடும் பச்சை வாள். மிஷெல் யோ ஒவ்வொரு ஆயுதமாக எடுக்கிறார், ஒவ்வொன்றும் உடைகிறது, அடுத்ததை எடுக்கிறார். ஒரு பெரிய இரும்புத் தண்டைத் தூக்கப் போய், கனம் தாங்காமல் அதோடு சேர்ந்து தரையில் சாய்கிறார். உடனே அதை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போகிறார். வயசான பெண், கையில் இருப்பது எல்லாம் உடைகிறது, திறமை மட்டும் மிச்சம்.

அந்தப் படம் எடுக்கும்போதுதான் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடித்து வந்து மீதியை நடித்தார். மாண்டரினும் அவருக்குத் தெரியாது, வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். ஆன்ட்டி கான்டனீஸ்காரர். "இவள் மாண்டரின் நம்ம ஊர் மாண்டரின்" என்று ஒவ்வொரு வசனத்துக்கும் சந்தோஷப்பட்டார். தமிழ் டப்பிங்கில் பார்த்தால் இது எதுவும் கிடைக்காது. கயிறு இருந்தாலும் வலி நிஜம், தம்பி.

பட்டறைத் தெரு

'தி ரெய்டு' என்ற இந்தோனேசியச் சண்டைப் படம் பார்த்தேன், புது டிவியில். பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டேன், ஏதோ சீரியல் பார்ப்பது போல இருந்தது. படம் மேல் கோபம் வந்தது. அப்புறம்தான் குறை டிவி செட்டிங்கில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், இங்கே பாதிப் பேர் இதே தவறோடுதான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சினிமா நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. இப்போது வரும் டிவிகள் இரண்டு படங்களுக்கு நடுவில் இல்லாத படத்தைத் தானே உருவாக்கிச் செருகுகின்றன. கிரிக்கெட்டுக்கு அது நன்றாக இருக்கும், பந்து கோடு இழுக்காது. சண்டைக் காட்சிக்கு அது விஷம். குத்து விழுகிற அதிர்ச்சியே வழவழப்பாகிவிடும், கை வெண்ணெயில் போவது போல இருக்கும். செட்டிங்கில் பிக்சர் பகுதிக்குப் போங்கள். மோஷன், ஸ்மூத், கிளாரிட்டி என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும், அதை முழுசாக ஆஃப் செய்யுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே இது அணைந்துவிடும். ஷார்ப்னெஸ்ஸையும் நன்றாகக் குறையுங்கள், அதிகமாக வைத்தால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வரும். ஸ்டோரில் கண்ணைப் பறிக்க வைக்கும் 'விவிட்' மோடை வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள், ராத்திரிக் காட்சியெல்லாம் நீலமாகிவிடும். சத்தத்துக்கு, டிவி ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்து வைக்காதீர்கள். சாதாரண ஹெட்போன் போட்டால்கூட எலும்பு முறியும் ஒலி பக்கத்தில் கேட்கும். கடைசியாக, டப்பிங்கா சப்டைட்டிலா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. என் அம்மாவுக்கு எழுத்து ஓடும் வேகத்தில் படிக்க வராது, ஜாக்கி சான் படங்களை அவர் ரசித்ததே தமிழ் டப்பிங்கில்தான்.

எல்லாம் மாற்றிவிட்டு முதலிலிருந்து பார்த்தேன். ராத்திரி ஒன்றரை மணி ஆயிற்று, எழுந்திருக்க முடியவில்லை.

சிலம்பக் கம்பு

'ரெய்டு' பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். நான் சிலம்பம் கற்றுக்கொடுக்கிறேன். என் மாணவர்கள் இரண்டு பேர் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள், அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன்.

மேட் டாக் என்ற அடியாள் துப்பாக்கி முனையில் போலீஸ்காரரை ஒரு அறைக்குள் கொண்டுபோவான். சுடவேண்டியதுதான் பாக்கி. கதவைச் சாத்துவான், துப்பாக்கியைக் கழற்றி ஓரமாக வைப்பான், வெறுங்கையோடு வந்து நிற்பான். குட்டையான ஆள். பயல்கள் இரண்டு பேரும் மூச்சே விடவில்லை. அந்த வேஷத்தில் நடித்த யாயன் ருகியான் நிஜத்திலும் சிலாட் என்ற இந்தோனேசியத் தற்காப்புக் கலையின் ஆசான், சண்டை அமைத்ததிலும் அவர் பங்கு உண்டு. ஹீரோ இக்கோ உவைஸ் நடிகராகும் முன்னால் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். வேல்ஸ் நாட்டுக்காரரான இயக்குநர் கேரத் எவன்ஸ் சிலாட் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில் அவரைப் பார்த்திருக்கிறார். அப்படித்தான் அவர் சினிமாவுக்கு வந்தார்.

படம் முடிந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: "ஆசானே, அவர் கெட்டவர்தானே, நான் ஏன் அவரைப் போல ஆகணும்னு நினைக்கிறேன்?" நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை அவன் எல்லாருக்கும் முன்னால் வந்து, களத்தைக் கூட்டிவிட்டுத் தனியாகக் கம்பு சுற்றிக்கொண்டிருந்தான். இன்னும் என்னிடம் பதில் இல்லை.

வலிகாமம்

எல்லோரும் அண்மையில் பார்த்ததை எழுதுகிறீர்கள். நான் அண்மையில் பார்த்தது 'போலீஸ் ஸ்டோரி', 1985-ஆம் ஆண்டுப் படம். ஆனால் அதன் கடைசிப் பாய்ச்சல் வரை 1993-இலேயே பார்த்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் அப்போது கரண்ட் இல்லை. ஒழுங்கையில் ஒரு வீட்டில் வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டரைத் துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் பொன் விலை. ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்துப் பார்த்தோம். கடைசியில் பெரிய கடைத்தொகுதி, கண்ணாடி எல்லாம் நொறுங்குகிறது, ஜாக்கி சான் மேல் மாடிக் கம்பியில் ஏறி நிற்கிறார், மின்குமிழ் சுற்றிய கம்பத்தைப் பார்க்கிறார், பாய்கிறார். மண்ணெண்ணெய் முடிந்தது. இருட்டு. ஒருவரும் எழும்பவில்லை. யாரோ சைக்கிள் எடுத்துக்கொண்டு மண்ணெண்ணெய் தேடிப் போனார், கிடைக்கவில்லை. வீடியோ கொப்பியை அடுத்த நாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1995-இல் இடம்பெயர்ந்தோம். அந்த வீடும் இல்லை.

இந்த வருஷம் என் மகள் போட்டுக் காட்டினாள். அவர் கம்பத்தில் சறுக்குகிறார், மின்குமிழ்கள் வெடிக்கின்றன, கண்ணாடிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு நிலத்தில் விழுகிறார். அதையே மூன்று கோணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். நிஜமாகவே கை எரிந்து, முதுகும் அடிபட்டிருக்கிறது. முடிவில் பெயர் ஓடும்போது அடிபட்ட காட்சிகளையும் போடுகிறார்கள். அதையெல்லாம் நாங்கள் அன்று பார்த்திருக்கவில்லை.

தையல் மெஷின்

அண்ணா, அன்றைக்கு உங்களோடு பார்த்தவர்கள்?

வலிகாமம்

சிலர் இல்லை தங்கச்சி. ஒருவன் கனடாவில் இருக்கிறான், டொரண்டோவில். படம் பார்த்த அன்றே அவனுக்கு அழைத்தேன், அவனுக்கு விடியப்புறம். போலீஸ் ஸ்டோரி முழுக்கப் பார்த்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு கேட்டான், "அவன் விழுந்தவனோ?"