நமல் உயன இளஞ்சிவப்பு மலைக்குச் செல்ல வழி வேண்டும்

வணக்கம் உறவுகளே. மடாட்டுகமவுக்கு அருகே நமல் உயனவில், நாகமரக் காட்டைக் கடந்து ஏறினால் வரும் இளஞ்சிவப்பு ரோஸ் குவார்ட்ஸ் மலையைப் பார்ப்பதற்காக, முழங்கால் வலியுள்ள அம்மாவையும் அழைத்துக்கொண்டு, திருகோணமலையிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு அன்றே திரும்ப எண்ணியுள்ளோம். கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளை வரை பேருந்தில் செல்வதில் சிக்கலில்லை. அங்கிருந்து அநுராதபுரப் பேருந்தில் ஏறி மடாட்டுகமச் சந்தியில் இறங்குவதா, நேரே முச்சக்கர வண்டி பிடிப்பதா என்பதை அண்மையில் சென்றவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும். பாறை நனைந்திருக்கும்போதுதான் நிறம் எடுப்பாகத் தெரியும் என்கிறார்கள், ஆனால் வழுக்குமே! (சீகிரியாவை அம்மா கீழே நின்றுதான் பார்த்தார்.) உச்சிவரை ஏறாமலே அந்நிறத்தைக் காணத்தக்க இடம் உண்டா? நாகமரத்தின் சிவந்த தளிர்களையும் காண விரும்புவதால், எந்த மாதம் ஏற்றது என்பதையும் தெரிவியுங்கள்.