பஃபலோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பில்ஸ் தெரியாமல் இங்கே குடித்தனம் நடக்காது

கேள்வி: வேலை கிடைத்துக் குடும்பத்தோடு நியூயார்க் மாநிலத்து பஃபலோவுக்கு வந்திருக்கிறோம். ஆபீசில் எந்நேரமும் பில்ஸ் என்கிற உள்ளூர் ஃபுட்பால் டீமைப் பற்றிய பேச்சுதான். கடையில் பில் போடுகிற பெண்கூட "கோ பில்ஸ்" என்றுதான் அனுப்பி வைக்கிறார். அமெரிக்கன் ஃபுட்பால் சுத்தமாகப் புரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: முதலில், யாராவது "கோ பில்ஸ்" என்றால் நீங்களும் "கோ பில்ஸ்" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஊரில் அதுதான் வணக்கம், போய்வருகிறேன், எல்லாமே.

விதிகளை உட்கார்ந்து படிக்க வேண்டாம். நாலு வாய்ப்புக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் 6 புள்ளி, கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. மீதி பார்க்கப் பார்க்க வந்துவிடும். அதைவிட முக்கியம் டீமின் கதை. அது தெரியாவிட்டால் திங்கட்கிழமை காலைப் பேச்சில் பாதி புரியாது.

ரால்ஃப் வில்சன் தொடங்கிய டீம், 1960இல் ஆட வந்தது. ஏஎஃப்எல் என்ற பழைய லீகில் 1964, 1965 இரண்டு வருஷமும் சாம்பியன். இப்போதைய லீகான என்எஃப்எல்லின் இறுதிப் போட்டி, அதாவது சூப்பர் பவுல், மட்டும் இன்றுவரை கைக்கு வரவில்லை. 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நாலு வருஷம் இறுதிப் போட்டிக்குப் போய், நாலிலும் தோற்றார்கள். அப்படி வேறு எந்த டீமும் நாலு வருஷம் தொடர்ந்து போனதே இல்லை என்று பெருமையாகவும் சொல்வார்கள், அதையே சொல்லித் தலையிலும் அடித்துக்கொள்வார்கள்.

முதல் தோல்விதான் இன்னும் ஆறாத புண். 1991 ஜனவரி, டாம்பா நகரம், எதிரே நியூயார்க் ஜயன்ட்ஸ். ஆட்டம் முடிய எட்டே விநாடி, ஒரு புள்ளி பின்னால். ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைத்தார். பந்து வலப்பக்கம் விலகிப் போனது, 20-19 தோல்வி. டீம் ஊர் திரும்பியதும் நயாகரா சதுக்கத்தில் பெரும் கூட்டம் கூடியது. திட்டுவதற்கு இல்லை. நார்வுட்டை மேடைக்கு வரச் சொல்லி அவர் பெயரையே கத்திக்கொண்டிருந்தார்கள். மனுஷர் கண்கலங்கி நின்றார். இந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஆபீசில் "வைட் ரைட்" (பந்து வலப்பக்கம் விலகிப் போனது) என்று ஜோக் அடித்துவிடாதீர்கள். புதிதாக வந்தவருக்கு அந்த உரிமை இல்லை.

அப்புறம் 2000 முதல் 2016 வரை 17 சீசன் பிளேஆஃப் என்கிற நாக்அவுட் சுற்றின் பக்கமே போகவில்லை. 2018இல் ஜாஷ் ஆலன் என்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வந்த பிறகு கதையே மாறியது. 2024 சீசனில் லீகின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

வரப்போகிற 2026 சீசனுக்கு வருவோம். 1973 முதல் ஆடிய பழைய ஸ்டேடியத்துக்கு விடை கொடுத்தாகிவிட்டது. பஃபலோவுக்குப் பக்கத்து ஊரான ஆர்ச்சர்ட் பார்க்கிலேயே, தெருவுக்கு எதிர்ப்பக்கம், புதிய ஹைமார்க் ஸ்டேடியம். இருக்கைகள் பழையதைவிடக் குறைவு, அதனால் டிக்கெட்டும் எளிதில் சிக்காது. சீசன் டிக்கெட்டுக்கு இருக்கை உரிமம் என்று தனியாக ஒரு தொகை வேறு. புதிதாக வீடு பிடித்துக் கார் வாங்குகிற வருஷத்தில் அதையெல்லாம் நினைக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கோச்சும் புதியவர். ஒன்பது சீசன் இருந்த ஷான் மெக்டெர்மட் போய், ஜோ பிரேடி வந்திருக்கிறார். ஒரே பிரிவில் இருக்கும் மயாமி, நியூ இங்கிலாந்து, ஜெட்ஸ் மூன்று டீமோடும் எப்போதும்போல் இரண்டிரண்டு ஆட்டம்.

ஒரு முறை நேரில் பார்க்க ஆசையென்றால் ஆகஸ்டில் நடக்கும் ப்ரீசீசன் ஆட்டத்துக்கு, அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்துக்குப் போங்கள். பெரிய தலைகள் அதிகம் ஆடமாட்டார்கள், ஆனால் டிக்கெட் மலிவு, குளிரும் இல்லை. பிள்ளைகளோடு போக அதுதான் சரி. ஒளிபுகும் பை மட்டும்தான் உள்ளே விடுவார்கள், சாதாரண ஹேண்ட்பேக்கைக் காரிலேயே வைத்துவிடுங்கள்.

டிசம்பரில் போவதானால் கதையே வேறு. புது ஸ்டேடியத்துக்கும் மூடிய கூரை கிடையாது, பாதிக்கும் அதிகமான இருக்கைகளுக்கு மேலே மறைப்பு உண்டு, அவ்வளவுதான். பருத்தி சாக்ஸ் போடாதீர்கள், கம்பளிதான். காலடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் நில்லுங்கள். கான்கிரீட்டின் சில்லிப்பு பாதத்தில் ஏறாது. பழைய ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலை இது. 2024 ஜனவரியில் பனி கொட்டியபோது, வந்து ஸ்டேடியத்தில் பனி அள்ளினால் மணிக்கு 20 டாலர் என்று டீமே ஆள் கூப்பிட்டது!

டிவியிலேயே பார்த்தாலும் தப்பில்லை. பார்க்கவே போவதில்லை என்றால் இன்னொரு லாபம்: ஞாயிறு மதியம் 1 மணி ஆட்டம் நடக்கும்போது மளிகைக்கடை காலியாக இருக்கும். நாலு மணிக்குள் வீடு வந்து சேருங்கள்.

யாராவது சிக்கன் விங்ஸ் சாப்பிடக் கூப்பிட்டால் ப்ளூ சீஸ் சாஸ் தொட்டுக்கொள்ளுங்கள். ரேஞ்ச் சாஸ் கேட்டால் முகம் மாறிவிடும்.

கேள்வி: அண்ணா, நாங்கள் கனடாவில், டொரண்டோ ஸ்கார்பரோவில் இருக்கிறோம், பிஆர் (நிரந்தர வதிவுரிமை) வந்துவிட்டது. ஒரு நாளில் வந்து பார்த்துவிட்டுப் போக ஏலுமா?

பதில்: பிஆர் கார்டு மட்டும் போதாது தம்பி. இலங்கை அல்லது இந்திய பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசா வேண்டும், அதை முதலில் பாருங்கள். 2008 முதல் 2013 வரை சில பில்ஸ் ஆட்டங்களை டொரண்டோவிலேயே நடத்தினார்கள், இப்போது இல்லை. கார் ஓட்டம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பீஸ் பிரிட்ஜ் என்கிற எல்லைப் பாலத்தில் காத்திருப்பு தனி. இரவு ஆட்டம் முடியப் பதினொன்றைத் தாண்டிவிடும், அதனால் மதிய ஆட்டமாகப் பார்த்து எடுங்கள். மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு வந்தால் பாலத்தில் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இறைச்சியைப் பறித்துவிட வாய்ப்பு அதிகம்.