'ஃப்ரீ பவுண்டரி'க்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணிதத்தில், சமன்பாட்டின் தீர்வோடு சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டிய எல்லையை 'ஃப்ரீ பவுண்டரி' (free boundary) என்பர். நம் கலைச்சொல் பட்டியலில் அதை 'நகரும் எல்லை' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவில் ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைப் பனிக்கட்டியை வைத்தே சொல்கிறேன்.

ஏரி நீர் மேலிருந்து உறைகிறது. பனிக்குள் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதை வெப்பச் சமன்பாடு சொல்லும். அந்தச் சமன்பாடு எதுவரை செல்லும்? பனியும் நீரும் சந்திக்கும் இடம் வரை. அந்த இடம் எவ்வளவு விரைவில் கீழிறங்கும் என்பது, நீர் உறையும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் பனி வழியே வெளியேறும் வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகம் தெரியவோ சமன்பாட்டைத் தீர்த்திருக்க வேண்டும்! இரண்டையும் ஒருசேரத்தான் கண்டுபிடிக்க முடியும். துருவக் கடல்களில் பனி உருவாவதைப் பற்றி இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான் 1889-இல் எழுதியது இந்தக் கணக்கைத்தான். அவருடைய விடை அழகானது: பனியின் தடிமன் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். மேற்பரப்பு மைனஸ் 10 டிகிரி செல்சியஸிலேயே இருந்தால், நன்னீரில் முதல் நாளில் ஏறக்குறைய 11 செ.மீ. உறையும், 22 செ.மீ. ஆக நான்கு நாள் வேண்டும். உறைந்த பனியே போர்வையாகி வெப்பத்தைத் தடுக்கிறது. பனி உருகும்போதும் அடிப்படைக் கணக்கு இதுவே.

இனி சொல்லுக்கு வருவோம். பிஸ்டனின் முகமும் நகரும் எல்லைதான். ஆனால் அதை நாம் இயக்கும்போது அதன் போக்கு முன்கூட்டியே தெரியும். மறுபுறம், ஒரு மேட்டின்மீது இழுத்துக் கட்டிய சவ்வு அந்த மேட்டைவிட்டு விலகும் கோடு நகர்வதே இல்லை. எனினும் அது எங்கே இருக்கிறது என்பதைத் தீர்வுதான் சொல்ல வேண்டும். கணிதவியலாளர் லூயிஸ் கஃபரெல்லிக்கு 2023-இல் கணிதத்தின் உயரிய ஏபெல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுகளில் இத்தகைய எல்லைகளின் வழவழப்பு பற்றியவையும் உண்டு. ஆகவே நகர்வது இதன் இலக்கணம் அன்று.

'கட்டற்ற எல்லை'யும் பொருந்தாது. எல்லை நகரும் வேகத்தை வெப்பம் வெளியேறும் வேகத்தோடு இணைக்கும் ஸ்டெஃபானின் நிபந்தனை அதைக் கட்டித்தான் வைத்திருக்கிறது.

தீர்வோடு சேர்ந்து தானே அமைவதால் 'தன்னமை' என்ற அடையை முன்மொழிகிறேன். 'எல்லை' ஏற்கெனவே நுண்கணிதத்தில் 'லிமிட்'டுக்கு வழங்குவதால், 'தன்னமை விளிம்பு' எனலாம்.

*

வணக்கம்.

நீங்கள் முன்மொழிந்த 'தன்னமை' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 'விளிம்பு' மட்டும் வேண்டாம். ஏரியில் பனிக்கும் நீருக்கும் இடையில் இருப்பது ஒரு பரப்பு. விளிம்பு என்றதும் மாணவர் மனத்தில் கோடுதான் எழும். 'தன்னமை' முன்னால் நிற்கும்போது எல்லையை 'லிமிட்' என்று எவரும் படிக்கப்போவதில்லை. 'தன்னமை எல்லை' என்றே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.